அந்தக் குட்டி மேட்டைப் பாருங்கள்!

ஊதா மூடி போட்ட ட்யூப் ஒன்று ரேக்கில் நகர்ந்து வந்து ஊசிக்கு நேர்கீழே நிற்கிறது. ஊசி இறங்குகிறது, மூடியைத் துளைக்கிறது, துளியிலும் துளி ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு மேலே போய்விடுகிறது. இனி மூன்று நிமிடம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ‘மூணு மாச சுகர்’ என்று ஊரே சொல்கிற ஏ1சி பிறக்கும் இடத்தில் நிற்கிறோம்! ரிப்போர்ட்டில் ஓர் எண்ணாக வந்து விழுவதற்கு முன்னால் அது இங்கே மேடும் பள்ளமுமாக ஒரு படமாக இருக்கிறது. அந்தப் படத்தை நோயாளிகள் யாரும் பார்ப்பதே இல்லை. பார்த்தால் விடமாட்டார்கள்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளில் நடக்கும் மருத்துவ முகாம்களின் ட்யூப்கள் வந்து சேரும் லேப் இது. இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் அந்தப் பாதையில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் செல்போனும் இரவும் பகலும் தயாராகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைத் தயாரிக்கிறவர்களின் ரத்தம் ஐஸ் பெட்டியில் அடைபட்டு இங்கே வருகிறது. ஒவ்வொரு ட்யூபிலும் ஒரு பார்கோடு. பெயர் கிடையாது, ஊர் கிடையாது. ஆனால் மெஷினுக்கு ஊர் தெரிந்துவிடுகிறது! அதைச் சொல்லத்தான் இவ்வளவு பரபரப்பு.

மெஷினின் பெயர் எச்பிஎல்சி. உள்ளே ஒரு சின்னக் குழாய். அதற்குள் மின்னூட்டம் கொண்ட நுண்துகள்கள். சிதைத்த ரத்தம் அதன் வழியே ஓடும்போது ஒவ்வொரு வகை ஹீமோகுளோபினும் தன் மின்னூட்டத்துக்கு ஏற்றபடி கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு, தன் முறை வந்ததும் விடுபட்டு வெளியே வருகிறது. முதலில் ஏ1ஏ, ஏ1பி என்று இரண்டு துணுக்குகள். பிறகு எஃப், நாம் கருவில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபினின் மிச்சம். பிறகு நாம் தேடி வந்த ஏ1சி. கடைசியில் விறுவிறுவென்று உச்சி வரை ஏறும் ஏ0. அவ்வளவுதான், கோடு தரைக்கு வந்துவிட வேண்டும். ட்யூபுக்குப் பின் ட்யூபாக அப்படித்தான் வருகிறது.

ஒரு ட்யூபில் மட்டும் வரவில்லை.

“சார், இங்க பாருங்க! பெரிய பீக்குக்கு அப்புறம் இன்னொண்ணு நிக்குது.” டெக்னீஷியன் பெண் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். ஏ0 இறங்கி முடிந்த இடத்தில், எதுவும் இருக்கக் கூடாத இடத்தில், தெளிவாக ஒரு குட்டி மேடு. “ஈ விண்டோ, ஹீமோகுளோபின் ஈ வெளியே வர்ற நேரம். அசாம், பெங்கால் பக்கத்து ஆளா இருக்கும். இந்த ரிப்போர்ட்டை இப்படியே ரிலீஸ் பண்ண மாட்டேன், டாக்டர்கிட்ட காட்டணும்.” பெயர்ப் பட்டியலைப் பார்த்தால், அவர் சொன்னது போலவே அசாமிலிருந்து வந்து ஒரகடத்தில் வேலை பார்க்கும் இளைஞர்! அந்தப் பையன் தன் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுடைய ரத்தம் சொல்லிவிட்டது.

ஹீமோகுளோபின் ஈ என்பது நோயின் பெயர் அல்ல. நம் ஹீமோகுளோபினில் இருக்கும் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அதில் 26-வது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக லைசின் வந்து உட்கார்ந்தால் அது ஈ. 6-வது இடத்தில் வேலின் வந்தால் அது எஸ், அரிவாள் செல் வகை. 121-வது இடத்தில் குளுட்டமின் வந்தால் டி-பஞ்சாப். இந்த இடங்களில் ஒரே ஒரு மணி இப்படி மாறினாலும் மின்னூட்டம் மாறிவிடுகிறது. மின்னூட்டம் மாறினால் மெஷினில் வெளியே வரும் நேரமும் மாறிவிடுகிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் ஈ மரபணு வந்திருந்தால் ரத்தத்தில் கால்பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக அந்த வகை இருக்கும். ஆளுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. ஆயுள் முழுக்கத் தெரியாமலே போய்விடலாம். ஈ வகை அசாமிலும் வங்கத்திலும் அதிகம். எஸ் வகை ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளில் அதிகம், நம் நீலகிரிப் பழங்குடிகளிடமும் உண்டு. அந்த மாநிலங்களிலிருந்துதானே ரயில் ரயிலாக இந்தத் தொழிற்பேட்டைகளுக்கு ஆட்கள் வருகிறார்கள்!

இதில் சுகருக்கு என்ன வேலை? ஏ1சி என்றால் என்ன என்று பாருங்கள். பீட்டா சங்கிலியின் நுனியில் இருக்கும் வேலின் மேல் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின்தான் ஏ1சி. மெஷின் அதைக் கணக்கிடுவதே பிரிந்து வரும் மேடுகளின் பரப்பை வைத்துத்தான். நடுவில் எதிர்பாராத ஒரு மேடு முளைத்தால் கணக்கு பிசகலாம். சில மெஷின்கள் கூட்டிக் காட்டும், சில குறைத்துக் காட்டும், பல புதிய மெஷின்கள் சமாளித்துச் சரியாகவே சொல்லிவிடும். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஈ வந்திருந்தாலோ ரத்தத்தில் சாதாரண ஏ வகையே இருக்காது. ஏ இல்லாதவருக்கு ஏ1சி எங்கிருந்து வரும்?

இதைவிட எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷத்தைக் கொடுத்தது இந்தச் சோதனை பிறந்த கதை. 1968-ல் தெஹ்ரானில் சாமுவேல் ராபர் என்ற ஆராய்ச்சியாளர் ஹீமோகுளோபினின் விசித்திர வகைகளைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது வழக்கத்துக்கு மாறான ஒரு பட்டை கண்ணில் பட்டது. யாருடைய ரத்தம் என்று பார்த்தால் சர்க்கரை நோயாளிகளுடையது! விசித்திர ஹீமோகுளோபினைத் தேடப் போன இடத்தில் கிடைத்ததுதான் ஏ1சி. அரை நூற்றாண்டு கழித்து ஏ1சி-யைத் தேடப் போன இடத்தில், நம் ஒரகடத்துப் பையனின் ட்யூபில், விசித்திர ஹீமோகுளோபின் கிடைக்கிறது. ராபர் இந்தத் திரையைப் பார்த்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

குட்டி மேடாவது கண்ணுக்குத் தெரிகிறது. படத்தில் தெரியவே தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தப் பாதையில் அதுதான் பெரியது.

வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகவே 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஓர் ஊரே அதில் தங்கலாம். செல்போன் ஆலைகளுக்குச் சீருடையோடு பஸ் ஏறும் பெண்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். 2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அது சர்க்கரையில் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அதில் ஒட்டியதை எண்ணினால் மூன்று மாதக் கதை தெரிகிறது. ஆனால் அணுக்களின் வயது எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கதை நிஜம். ஆலையில் ஒரு லைன் முழுக்கப் புதிதாகச் சேர்ந்த ஆட்களாக இருந்தால் அனுபவச் சராசரி குறைவாகத்தானே வரும்? ரத்தத்திலும் அப்படியே. சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்து புதியவை வந்துகொண்டே இருந்தால், ரத்தம் ஏற்றியிருந்தால், அடிபட்டு ரத்தம் போயிருந்தால், ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருந்தால், டயாலிசிஸில் ரத்தம் ஊற ஊசி போட்டுக்கொண்டிருந்தால், அணுக்கள் இளசு. சர்க்கரை ஒட்ட நேரமே கிடைத்திருக்காது. ஏ1சி குறைவாக வரும், உள்ளே சர்க்கரை ஏறியிருந்தாலும் கூட! இரும்புச்சத்துக் குறைவில் நேர் எதிர். புது அணுக்கள் வருவது மந்தமாகி, பழசுகள் சுற்றிக்கொண்டிருப்பதால் ஏ1சி கொஞ்சம் ஏறிக் காட்டும்.

கொஞ்சம்தான். ஆனால் எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு அந்தக் கொஞ்சம் போதும். 6.5 வந்தால் சர்க்கரை நோய். அதற்குக் கீழே 5.7 வரை முன்நிலை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு முகாமில் 6.5 என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டால் விடுதி அறையில் அந்தப் பெண்ணுக்கு அன்று தூக்கம் வருமா? வீட்டுக்குச் சொல்வதா, மறைப்பதா, வரன் பார்க்கும் நேரத்தில் இது என்ன என்று எத்தனை கலக்கம். அதே பெண் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் புது அணுக்கள் திமுதிமுவென்று வரும், ஏ1சி இறங்கும். சர்க்கரை அளவில் ஒரு மாற்றமும் இல்லாமலே! இதைப் பார்த்து ‘டயட் வேலை செய்யுது’ என்று சந்தோஷப்படுவதும் தப்பு. முதலில் பயந்ததும் தேவையில்லாத பயம். பக்கத்தில் ஹீமோகுளோபின் அளவு என்ன என்று ஒரு வரி போட்டிருந்தால் டாக்டர் உடனே பிடித்திருப்பார்.

மெஷின் தப்பு செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலூர் சிஎம்சி-யின் மருத்துவ உயிர்வேதியியல் துறை நாடு முழுக்க உள்ள லேப்களுக்குப் புதிர் மாதிரிகளை அனுப்பி, விடை சரியா என்று பார்க்கும் தரச்சோதனைத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. லேப்களுக்கே பரீட்சை! அதில் தேறிய லேப் கூட ரத்தசோகைப் பெண்ணின் ஏ1சி-யை ‘துல்லியமாக’ 6.5 என்றுதான் சொல்லும். ஒட்டியிருப்பதை அது சரியாகத்தான் எண்ணியது. அந்த அணுக்களின் வயதை அது கேட்கவில்லை.

“அப்ப வெறும் வயித்துல சுகர் பார்த்துட்டா போச்சு!” என்று எனக்கும் தோன்றியது. ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு ஆலை கேட்டுக்குப் போய் நின்றால் அதிலும் எவ்வளவு வேடிக்கை இருக்கிறது என்று தெரியும். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவரிடம் ‘வெறும் வயிறா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்பார். நள்ளிரவுக்குப் பிறகு கேன்டீனில் சாப்பிட்டது, விடிவதற்கு முன் குடித்த டீ எல்லாம் அவருக்கு நேற்றைய கணக்கு. சோதனைக்கு வேண்டியது எட்டு மணி நேரப் பட்டினி.

ரத்தத்தை எடுத்த பிறகு நடப்பது அதைவிட அதிசயம். ட்யூபுக்குள் போன அணுக்களும் உயிரோடுதான் இருக்கின்றன, குளுக்கோஸைத் தின்றுகொண்டுதான் இருக்கின்றன! சீரத்தைப் பிரிக்காமல் விட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும்; வெயிலில் இன்னும் வேகம். எடுக்கும்போது 130 இருந்த ரத்தம் மூன்று மணி நேரம் கழித்து 108 பக்கம் வந்துவிடலாம். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்பது விதி. சர்க்கரை நோயோடு, ஐஸ் இல்லாமல் வண்டியில் ஏறிய ட்யூப், டிராஃபிக்கைக் கடந்து இறங்கும்போது நலமாக இறங்குகிறது! இதற்காகத்தான் சாம்பல் மூடி ட்யூபில் ஃப்ளோரைடு போட்டிருப்பார்கள். ஆனால் அது முழுதாக வேலை செய்யத் தொடங்கவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் நல்ல முகாம்களில் ரத்தம் எடுத்த இடத்திலேயே ட்யூபைச் சுழற்றிப் பிரிக்கும் சின்ன மெஷினையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் குட்டிச் சுழலியைப் பார்த்தால் அந்த முகாமை நம்பலாம் என்பது என் கணிப்பு.

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரும் ரத்தசோகையிடம் தப்புவதில்லை. சிவப்பணு குறைந்த ரத்தத்தில் பல மீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். பழம் சாப்பிட்ட கையைக் கழுவாமல் குத்தினாலும் கூடும். வாங்கும் மீட்டர் ரத்தசோகைக்குத் திருத்திக்கொள்ளும் வகையா என்று மருந்துக்கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, வழக்கமான சாட்சிகள் தடுமாறினால் வேறு யாரைக் கூப்பிடுவது? இருக்கிறார்களே!

முதல் ஆள் ஃப்ரக்டோசமின். சிவப்பணுவையே விட்டுவிட்டு, ரத்தத்தின் மஞ்சள் நீரில் மிதக்கும் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கும் சோதனை. அந்தப் புரதங்களில் பெரும்பங்கு ஆல்புமின். அது இரண்டு மூன்று வாரங்களில் புதுசாகிவிடும் என்பதால் கடந்த இரண்டு மூன்று வாரக் கதை கிடைக்கும். இதைச் செய்யும் விதத்தைப் பாருங்கள்: வெளிர்மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஒரு ரசாயனம், சர்க்கரை ஒட்டிய புரதத்தைச் சந்தித்ததும் ஊதாவாக மாறுகிறது. சர்க்கரை கூடக் கூட ஊதா அடர்த்தியாகிறது. அந்த ஊதாவை ஒளியால் அளந்து எண்ணாக்குகிறார்கள். லேப்புக்குள் நிறம் மாறுகிற எதைப் பார்த்தாலும் எனக்குப் பள்ளிக்கூடத்து உற்சாகம் வந்துவிடும், இதில் இரட்டிப்பு. ஜப்பானில் இதன் நெருங்கிய உறவான கிளைகேட்டட் ஆல்புமினை வெகுகாலமாகவே மருத்துவர்கள் நாடுகிறார்கள். ரத்தசோகையோ, ஈ வகையோ, எஸ் வகையோ, இதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறவர்கள், கல்லீரல் கெட்டவர்களிடம் இதுவும் தடுமாறும். எல்லா இடத்துக்கும் ஒரே சாட்சி என்பது ரத்தத்தில் நடக்காத காரியம்.

இரண்டாவது ஆள்தான் என் செல்லம்: மேல்கையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், நாணயம் போன்ற சென்சார். தோலுக்குக் கீழே ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு மயிரிழை போன்ற ஓர் இழை. அது தோலடி நீரில் இருக்கும் குளுக்கோஸை அளந்துகொண்டே இருக்கும். ஃப்ரீஸ்டைல் லிப்ரே ப்ரோ 2015-ல் இந்தியாவுக்கு வந்தது. 15 நிமிடத்துக்கு ஒன்று, நாளுக்கு 96, பதினான்கு நாளில் 1,344 அளவுகள்! ஆலைக்குள் செல்போன் எடுத்துப் போக முடியாத தொழிலாளிக்கு இந்த ப்ரோ வகை கச்சிதம். எல்லாவற்றையும் தானே சேமித்து வைத்திருக்கும். பதினான்காம் நாள் டாக்டர் அதை வாங்கிப் பார்த்துக்கொள்வார்.

அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டுமே! இரவு ஷிஃப்ட் வாரத்தில் சாப்பாட்டு மேடு நள்ளிரவுக்குப் பின்னால் நகர்ந்து நிற்கும். பகல் ஷிஃப்ட் வாரத்தில் மத்தியானத்துக்குத் திரும்பி வரும். ஓவர்டைம் பார்த்த நாளும், சாப்பாட்டைத் தள்ளிப் போட்ட நாளும், திருவிழாவுக்கு ஊருக்குப் போன நாளும் கோட்டில் தனித்தனியாகத் தெரியும். 70-க்கும் 180-க்கும் நடுவில் நாளின் 70 சதவீத நேரம், அதாவது பதினாறே முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு நல்ல கட்டுப்பாடு என்று 2019-ல் உலக நிபுணர்கள் கூடி வகுத்தார்கள். ஈ வகை ரத்தம் ஓடும் நம் ஒரகடத்து இளைஞரின் கையிலும் இதே அளவுகோல் நிற்கும். இதில் ஹீமோகுளோபினுக்கு வேலையே இல்லை.

காசு? சென்சார் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அதற்கும் வழி உண்டு. மூன்று நாளைக்கு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை, நல்ல மீட்டரில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். சராசரி போடுங்கள். பிறகு ஏ1சி-யை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழியுங்கள். ஏ1சி 6 என்றால் 126 வரும். 7 என்றால் 154. 8 என்றால் 183. இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் நிம்மதி. மீட்டர் சராசரி 190 பக்கம் ஓடும்போது ஏ1சி 6 என்று வந்தால் மிட்டாய் கொடுக்க வேண்டாம்; உங்கள் சிவப்பணுக்கள் ஏதோ சொல்ல வருகின்றன, டாக்டரிடம் போங்கள். ஏ1சி 15-ஐத் தாண்டி நம்ப முடியாத எண்ணாக வந்தாலும், லேப் மாற்றியதும் திடீரென்று தாவினாலும் அதே கதைதான்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு உலகத்துக்கே ஒரு பாடம் எடுத்திருக்கிறது, தெரியுமா! கர்ப்ப காலத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் மாறும், இரும்புச்சத்தும் குறையும். ஏ1சி-யை நம்ப முடியாது. பட்டினியாக வா என்றால் தூரத்து ஊரிலிருந்து வரும் கர்ப்பிணி மயங்கி விழுவார், அல்லது அடுத்த முறை வரவே மாட்டார். சென்னை மருத்துவர் வி. சேஷய்யா எளிய வழி சொன்னார்: சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுங்கள், இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. 2007-ல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சோதனைக்காக மனிதரை வளைக்காமல் மனிதருக்காகச் சோதனையை வளைத்த அந்த மருத்துவருக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய பெயரைச் சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அதே புத்தியை ஆலை முகாம்களிலும் காட்டினால் என்ன? ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-ல் சொன்னபடி நாட்டில் 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். அரசே 2024-ல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று ஆலை வாசலுக்கு வந்துவிட்டது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆட்கள் இருக்கிறார்கள், இடம் இருக்கிறது, ட்யூப் இருக்கிறது. அதே ஊதா ட்யூபிலேயே ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையையும் பார்த்துவிடலாம். இன்னொரு குத்து கூட வேண்டாம்!

ஈ விண்டோவில் மேடு நின்ற ட்யூப் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டாக்டர் ரிப்போர்ட்டில் ஏ1சி எண்ணோடு ஒரு குறிப்பையும் சேர்க்கச் சொன்னார்: அசாதாரண ஹீமோகுளோபின் இருக்கலாம், வேரியன்ட் சோதனை செய்க, சர்க்கரையை வேறு முறையில் உறுதி செய்க. அந்த வேரியன்ட் சோதனை அவருக்குத் திருமண நேரத்திலும் உதவும். ஈ உள்ளவரும் பீட்டா தலசீமியா மரபணு உள்ளவரும் மணந்தால் பிறக்கும் பிள்ளைக்குக் கடுமையான ரத்தசோகை வரக்கூடும். முன்பே தெரிந்தால் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம். ஆனால் தமிழ் தெரியாதவரிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளை நீட்டினால் பயன் இல்லை. அவருடைய மொழியில் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

அடுத்த முறை உங்கள் ஆலையில் முகாம் போட்டால், கையை நீட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்க்கிறீர்களா? சுகர் ட்யூபை இங்கேயே பிரிக்கிறீர்களா? ஏ1சி படத்தில் வேறு மேடு தெரிந்தால் எனக்குச் சொல்வீர்களா? ரத்தசோகை இருக்கிறது, சமீபத்தில் ரத்தம் ஏற்றினேன், கர்ப்பமாக இருக்கிறேன், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால் அதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். முகாம் நடத்தும் மனிதவளத் துறையினர் இதைப் படித்தால், அடுத்த ஒப்பந்தத்தில் ஏ1சி என்று எழுதும் வரிக்குப் பக்கத்திலேயே முழு ரத்த எண்ணிக்கையையும் எழுதிவிடுங்கள்.